ஒளிரும் துகளும் மதுரைப் பச்சைத் தூளும்

இந்திய அறுவை மருத்துவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் நம் ஊர்ப் பெயர் அவ்வப்போது தட்டுப்படும். ஈரல் கட்டியை வெட்டியெடுத்த விதம், மார்பகப் புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவைத் தேடிய விதம், குடலை வெட்டித் தைத்த இடத்தில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்த விதம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, பயன்படுத்திய ஒளிச்சாயத்தின் பெயரைக் குறிப்பிடும் இடத்தில் ‘ஆரோகிரீன், ஆரோலேப், மதுரை’ என்று எழுதியிருப்பார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவாக 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையை உடைத்ததற்காக உலகம் அறிந்த நிறுவனம். விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக் குழாய்களைப் படமெடுக்க உதவும் இண்டோசயனின் கிரீன் என்ற கரும்பச்சைத் தூளையும் அது தயாரிக்கிறது. அந்தத் தூள் கண் மருத்துவத்தோடு நிற்காமல் புற்றுநோய் அறுவைக் கூடங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

ஒளிரும் நானோ துகள்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இருட்டில் தொடங்கும். உடலுக்குள் மறைந்திருக்கும் புற்று மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை, துகள் உள்ளே போய் வெளிச்சம் போடும், பிறகு அதே துகள் கட்டியையும் அழிக்கும் என்று கதை போகும். கால் நூற்றாண்டாக இதைச் சொல்லிவருகிறார்கள். நடப்பில் துகளுக்கு எதிரே நிற்பது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் பழைய, மலிவான ஒரு மூலக்கூறு. அந்த மூலக்கூறால் முடியாத எதைத் துகள் செய்கிறது? இந்தக் கேள்வியோடு இத்துறையைச் சுற்றிவந்தால், மினுமினுப்பில் பாதி உதிர்ந்து, மிச்சம் என்ன என்பது தெரியும்.

முதலில் மூலக்கூறு. இண்டோசயனின் கிரீன் கோடாக் புகைப்பட நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1950களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இதயத்தின் ரத்த ஓட்டத்தை அளக்கப் பயன்பட்டு, 1959இல் அந்நாட்டு அரசின் மருந்து அனுமதியைப் பெற்றது. சுமார் 800 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை வாங்கி 830 நானோமீட்டர் அளவில் உமிழும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, கேமராவுக்குத்தான் தெரியும். இதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. நீல ஒளியையும் பச்சை ஒளியையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். மிக நீண்ட அலைகளைத் தண்ணீர் விழுங்கும். நடுவே ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது. இருட்டறையில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் மறுபுறம் சிவப்பு மட்டும் கசிவது இதனால்தான். அந்தச் சன்னலும் சிறியது. திசுவுக்கடியில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை இந்தச் சாயம் கேமராவில் பிடிபடும். அதற்குக் கீழே மங்கிவிடும்.

சாயத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஊசி போட்ட மூன்று நான்கு நிமிடங்களில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஈரல் அதை வாங்கிப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். எது புற்று, எது நல்ல திசு என்றும் அதற்குத் தெரியாது. ஈரல் புற்று அதில் மிளிர்வதற்குக் காரணம், கெட்டுப்போன செல்களால் பித்தத்தை வெளியேற்ற முடியாமல் சாயம் தேங்கிவிடுவது. ஜப்பானிய மருத்துவர்கள் 2009இல் இதை விளக்கினார்கள். நிணநீர்க் கணு விஷயத்தில் இன்னும் எளிது: கட்டியருகே போட்ட சாயம் நிணநீர் போகும் தடத்திலேயே போய் முதல் கணுவில் நிற்கிறது. இரண்டும் மருத்துவரின் சாமர்த்தியம். சாயம் புற்றை அடையாளம் கண்டுகொண்டதாக அர்த்தமில்லை.

இங்கேதான் நானோ துகள் தன் கடையை விரித்தது. 1980களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் அலெக்ஸெய் எகிமோவ் வண்ணக் கண்ணாடியிலும், அமெரிக்காவில் லூயி புரூஸ் திரவத்திலும் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். ஒரே பொருள்தான், ஆனால் துகளின் அளவு சுருங்கச் சுருங்க நிறம் மாறியது. 1993இல் மௌங்கி பாவெண்டியின் குழு ஒரே அளவான துகள்களைச் செய்யும் வழியைக் கண்டது. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இவற்றுக்காக மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது. காட்மியம் செலினைடை இரண்டு நானோமீட்டர் அளவில் செய்தால் நீலமாக, ஆறு நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். சாதாரணச் சாயத்தைவிடப் பளிச்சென்று, நீண்ட நேரம் மங்காமல் நிற்கும். 1998இல் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் இவற்றைச் செல்களின் அடையாளமாகப் பயன்படுத்திக் காட்டியபோது, புற்றுநோய் மருத்துவம் இனி வேறு என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆறு ஆண்டுகளில் சுருதி இறங்கியது. காற்றும் புற ஊதா ஒளியும் பட்டால் இந்தத் துகள்களிலிருந்து காட்மியம் அயனிகள் கசிந்து ஈரல் செல்களைக் கொல்கின்றன என்று 2004இல் சங்கீதா பாட்டியாவின் குழு காட்டியது. மேலே உறை போட்டால் கசிவு குறையும். ஆனால் உறை போட்ட துகள் பெரிதாகும், பெரிதானது உடலை விட்டுப் போகாது. இந்த முடிச்சுக்கு 2007இல் ஓர் எண் கிடைத்தது: நீரில் மிதக்கும் நிலையில் விட்டம் 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் துகள் சிறுநீரகம் வழியே வெளியேறும். அதை வெகுவாகத் தாண்டினால் ஈரலிலும் மண்ணீரலிலும் குடியேறிவிடும். எவ்வளவு பளிச்சென்று ஒளிர்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த துறை, எப்படி வெளியேறுகிறது என்று கேட்கத் தொடங்கியது. என் பார்வையில் நோபல் பெற்ற கண்டுபிடிப்பைவிட மருத்துவத்துக்கு இந்த எண்ணே பெரிய திருப்பம்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னவை கார்னெல் புள்ளிகள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் வீஸ்னர் செய்த, ஆறேழு நானோமீட்டர் சிலிக்கா உருண்டைகள் இவை. உள்ளே சாயம், மேலே புற்றுக் கட்டியின் ரத்தக் குழாய்களைத் தேடிப் பிடிக்கும் சிறு புரதத் துண்டு, கூடவே பெட் ஸ்கேனில் தெரிய கதிரியக்க அயோடின். 2011இல் மனிதரில் சோதிக்க அமெரிக்க அனுமதி கிடைத்தது. பரவிய தோல் புற்று உள்ள ஐந்து பேரிடம் செய்த முதல் சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. துகள்கள் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறின, கெடுதல் தென்படவில்லை. கவனிக்க வேண்டியது, இங்கேயும் ஒளிர்வது ஒரு சாய மூலக்கூறுதான். துகள் அதைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகும் உறை.

இந்தச் சுமக்கும் வேலையிலும் ஒரு கசப்பான கணக்கு உண்டு. கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையானவை, அதனால் நானோ துகள் தானாகவே அங்கே தேங்கும் என்று 1986இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் சொன்னதை நம்பி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. டொராண்டோவின் வாரன் சான் குழு 2016இல் பத்தாண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது, நடு மதிப்பாக, 0.7 சதவீதம். மீதியில் பெரும்பகுதி ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. அந்தச் சான், 1998இன் இரண்டு முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்றை எழுதியவர் என்பது இந்தக் கணக்குக்குத் தனி மதிப்பைத் தருகிறது.

நம் பக்கம் வருவோம். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளும் மருத்துவருமான சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947இல் தொடங்கிய அமைப்பு, பிறகு கிராமியப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் வேதியியல் துறையில் எம்.ஜி. சேதுராமனின் குழு காட்மியத்தை விட்டு விலகி, கார்பன் புள்ளிகளைக் கையிலெடுத்தது. கார்பன் புள்ளிகள் 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்கையில் தற்செயலாகக் கிடைத்தவை. செய்முறை கிட்டத்தட்டச் சமையல்தான். பழச்சாற்றில் நைட்ரஜனுக்காக அம்மோனியாக் கரைசலைச் சேர்த்து, டெஃப்லான் உட்புறம் கொண்ட எஃகுக் கலனில் இறுக மூடி, 180 டிகிரி அளவில் பல மணி நேரம் அவிக்க வேண்டும். சர்க்கரை கருகிச் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகும். புற ஊதா விளக்கின் கீழே பழுப்பு நீர் நீலமாக ஒளிரும். காந்திகிராமத்தார் 2017இல் டிராகன் பழத்திலிருந்தும், 2018இல் கிவியிலிருந்தும் செய்து, செல்களுக்கு நஞ்சு எவ்வளவு என்றும் பார்த்து எழுதினார்கள். தென்கொரியாவின் யங்னம் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2018இல் நம் அரைநெல்லியை எடுத்துக்கொண்டது. மதுரைக்குப் பக்கத்தில் டிராகன் பழம், கொரியாவில் அரைநெல்லி! பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் போட்டு விற்கும் காய், இரும்பு அயனியைக் கண்டுபிடிக்கும் கருவியாகியிருக்கிறது.

இவற்றின் நஞ்சின்மையைப் பற்றி ஆய்வாளர்கள் சொல்வதை நம்ப ஒரு காரணமும் இருக்கிறது. வெல்லம், ரொட்டி, பிஸ்கட், கருக்கிய சர்க்கரை ஆகியவற்றில் ஒளிரும் கார்பன் துகள்கள் இயல்பாகவே இருப்பதை குவாஹாட்டி ஐஐடியின் அருண் சட்டோபாத்யாய் குழு 2012இல் காட்டியது. பொங்கலுக்குப் பொங்கல் அதைத் தின்று வந்திருக்கிறோம். ஆனால் வாய்வழி போய்ச் செரிப்பது வேறு, ரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றுவது வேறு. வெல்லத்தைச் சாட்சிக்கு அழைத்து ஊசிக்கு அனுமதி வாங்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் நிறம். பழத்தில் பிறந்த புள்ளிகள் பெரும்பாலும் நீலத்தில் ஒளிர்பவை. தூண்டுவதற்கும் புற ஊதாவோ ஊதாவோ வேண்டும். கண்ணாடித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரவிய செல்களில் அழகாகத் தெரியும். தோலுக்கு அடியில் போனால் ஹீமோகுளோபின் அந்த நீலத்தைக் குடித்துவிடும். நம் திசுக்களும் நீலத்திலும் பச்சையிலும் தாமாகவே சற்று ஒளிர்பவை என்பதால், தெரிகிற கொஞ்சமும் பின்னணியில் கரைந்துபோகும். ‘புற்றுநோய்ப் படமெடுப்புக்குப் பயன்படும்’ என்ற வரியோடு முடியும் கட்டுரைகளில் பல, இந்த ஒரு சென்டிமீட்டரைக் கடக்கும் கேள்வியையே எழுப்புவதில்லை. பழம் மாறுகிறது, கட்டுரை மாறுவதில்லை. இதைக் காந்திகிராமத்தின் குறையாகச் சொல்லவில்லை. சீனாவிலிருந்து பிரேசில் வரை இதே சமையல்தான். பழத்தின் சர்க்கரை அளவு பருவத்துக்குப் பருவம் மாறும்போது புள்ளியின் அளவும் நிறமும் மாறாதா என்பதும் தொழிற்சாலைக்குப் போகும் நாளில் முதலில் எழும் கேள்வி.

நிறச் சிக்கலைத் தீர்க்கத் தென்னிந்தியாவிலேயே ஒரு முயற்சி நடந்தது. கொச்சி அமிர்தா நிறுவனத்தின் மன்சூர் கோயாக்குட்டி, சாந்திகுமார் நாயர் குழு, சென்னை ஐஐடியின் டி. பிரதீப்போடு சேர்ந்து, சில பத்து அணுக்கள் மட்டுமே கொண்ட தங்கக் கொத்துகளை ஆல்புமின் புரதத்துக்குள் வளர்த்தது. இவை அண்மை அகச்சிவப்பில் ஒளிர்பவை. மேலே ஃபோலிக் அமிலத்தை இணைத்ததால், அதை அதிகம் விரும்பி வாங்கும் புற்றுச் செல்களை அவை தேடிப் பிடித்தன. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வு, வாய்ப் புற்றுச் செல் என்ற பெயரில் உலகெங்கும் புழங்கிய கேபி என்ற செல் வரிசையைப் பயன்படுத்தியது. வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசை ஹீலா செல் கலந்து கெட்டது, அதாவது அடிப்படையில் கருப்பைவாய்ப் புற்றுச் செல் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். உலகின் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இந்தக் குழியில் விழுந்திருக்கின்றன. இருக்கட்டும், ஃபோலிக் அமிலத்தைக் கொக்கியாக்கும் உத்தி சரியானதே. அதே உத்தியில் ஓர் அகச்சிவப்புச் சாயத்தைக் கட்டிய பாஃபோலாசயனின் 2021 நவம்பரில் சூலகப் புற்று அறுவைக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. பந்தயத்தில் அங்கேயும் முந்தியது மூலக்கூறு.

சிகிச்சைப் பக்கமும் கதை இதேபோலத்தான். ஒளிபட்டால் நஞ்சாகும் சாயத்தை 1900இல் மியூனிக்கில் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் கண்டார். ஒளிபட்ட சாயம் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை வீரியமாக்கும். அந்த ஆக்சிஜன் செல்லைக் கொல்லும். இதில் நானோ உருவத்தில் மருத்துவமனைக்குள் முழுதாக நுழைந்தது, கொழுப்பு நுண்குமிழியில் பொதிந்த வெர்டிபோர்ஃபின். 2000இல் அனுமதி பெற்ற அது கண்ணுக்கான மருந்து. கையில் ஊசியாக ஏற்றி, 689 நானோமீட்டர் லேசரை 83 விநாடி விழித்திரையில் செலுத்துவார்கள். ஒளி தடையின்றி உள்ளே போகக்கூடிய ஒரே உறுப்பு கண் என்பதால் முதல் வெற்றி அங்கே கிடைத்தது. விழித்திரைக்கடியில் குழாய்கள் முடிச்சுமுடிச்சாக வீங்கும் நோயில், இண்டோசயனின் கிரீன் இடத்தைக் காட்டும், வெர்டிபோர்ஃபின் அந்த இடத்தை அடைக்கும். மதுரை போன்ற கண் மருத்துவ நகரத்துக்கு இது பழக்கமான விஷயம்.

ஆழத்தை வெல்ல இரண்டு வழிகள் முயலப்படுகின்றன. ஒன்று, குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்பை வாங்கிக் கூடுதல் ஆற்றலுள்ள கண்ணுறு ஒளியாகத் திருப்பித் தரும் அருமண் துகள்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யோங் ஜாங் தலைமையிலான குழு, அதில் தமிழ்ப் பெயர்களும் உண்டு, 2012இல் 980 நானோமீட்டர் லேசரைக் கொண்டு எலிகளின் தோல் புற்றை இப்படிக் கட்டுப்படுத்தியது. மற்றொன்று, எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் துகள்களை உள்ளே வைத்துக் கதிர்வீச்சு இயந்திரத்தையே விளக்காக்குவது. 2006இல் முன்வைக்கப்பட்ட இந்த யோசனை பெரும்பாலும் விலங்குகளோடு நிற்கிறது. மனிதரில் வெகுதூரம் போனது ஒளிராத ஓர் உறவினர்: கட்டிக்குள் நேராகக் குத்திவைத்து எக்ஸ்ரேயின் வீச்சைக் கூட்டும் ஹாஃப்னியம் ஆக்சைடுத் துகள், 2019இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. மூலக்கூறால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. துகளுக்கென்று உண்மையிலேயே ஒரு நிலம் இருக்குமானால் அது இதுதான்.

இனி நம் நோய்களைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 14 லட்சம் புதிய புற்றுநோயாளிகள். மார்பகம் சுமார் 1.9 லட்சம், உதடும் வாயும் 1.4 லட்சம், கருப்பைவாய் 1.27 லட்சம். இந்த மூன்றில் இரண்டு, ஒளி நேராகப் போய்ச் சேரக்கூடிய பரப்புகளில் வருபவை. புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் வாய்ப் புற்று யாருக்கும் புதிதில்லை. ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதாது என்று உலகம் தவிக்கும்போது, நமக்கு ஒரு மில்லிமீட்டரே பல நேரங்களில் போதும்.

அந்தப் பரப்புகளில் துகளின் போட்டியாளர் இன்னும் மலிவானது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், லியோன் நகரப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் நடத்திய சோதனை உலக மருத்துவத்தில் நிலைத்த பெயர். 114 பகுதித் தொகுப்புகளில் பாதியில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு 2000க்கும் 2003க்கும் இடையே பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் சாரத்தை, கருப்பைவாயில் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். கோளாறான இடம் வெளுக்கும். ஆர். சங்கரநாராயணன் குழு 2007இல் வெளியிட்ட முடிவில், அந்தப் பகுதியில் கருப்பைவாய்ப் புற்றுச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் சோதனையில் இதே வினிகர் பெரிய பலன் தரவில்லை, புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடும் பரிசோதனைதான் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதேபோல் திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து பார்க்கும் எளிய சோதனை, புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுச் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

வாய்ப் புற்றில் ஒளிச் சிகிச்சைக்கும் மலிவு வழி வந்துவிட்டது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்கள் பாஸ்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, தொடக்க நிலை வாய்ப் புற்று உள்ள சுமார் 30 பேருக்கு அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். புற்றுச் செல் அதை ஒளிரும் சாயமாகத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்மார்ட்போன் கேமராவில் சிவப்பாகத் தெரியும். மின்கலத்தில் ஓடும் எல்இடி விளக்கால் அதே இடத்தைச் சுட்டுவிடலாம். காட்டுவதும் கொல்வதும் ஒரே பொருள் என்ற நானோ கனவு, துகளே இல்லாமல் நிறைவேறியிருக்கிறது.

அப்படியானால் காந்திகிராமத்து நீலப் புள்ளிகளைக் கைவிட வேண்டியதுதானா? இல்லை, ஊசியைக் கைவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். வினிகரைப்போல மேலே தடவித் துடைத்தெடுக்கும் பொருளாக மாற்றினால், 0.7 சதவீதக் கணக்கும் ஈரல் சிக்கலும் 5.5 நானோமீட்டர் வாசலும் பெரும்பாலும் பொருளற்றுப் போகும். நீல நிறமும் அவ்வளவு பெரிய குற்றமாக இராது. வாயில் புற்று தொடங்கும் இடம் தன் இயல்பான பச்சை ஒளியை இழந்து இருண்டு தெரிவது ஏற்கெனவே அறிந்த விஷயம். அந்த இருட்டில் ஒட்டிநிற்கும் புள்ளி எடுப்பாகத் தெரிய வாய்ப்புண்டு. ஒட்ட வைக்கும் கொக்கி, பருவத்துக்குப் பருவம் மாறாத தரம், உயிரியல் தொழில்நுட்பத் துறை 2019இல் வெளியிட்ட நானோ மருந்து நெறிமுறைகள் கேட்கும் அளவு, நிலைப்பு, நஞ்சு விவரங்கள் எல்லாம் பாக்கி இருக்கின்றன. கிருமி நீக்கிக் குப்பியில் அடைக்கத் தெரிந்த கைகள் மதுரையிலேயே உண்டு.

துகள் எதில் தேர்வெழுத வேண்டும் என்பதையும் அம்பிளிக்கை எண்களே சொல்கின்றன. பரிசோதித்த 31,343 பெண்களில் 3,088 பேருக்கு வெளுப்புத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றில்லை. வீக்கமும் தொற்றும்கூட வெளுக்கும். வினிகரில் வெளுத்தவர்களுக்கு மட்டும் இரண்டாவதாகத் துகளைத் தடவி, ஒளிர்ந்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டு, இரு தரப்பிலும் சதைத் துணுக்கு எடுத்து நுண்நோக்கியில் ஒப்பிட வேண்டும். வீணாக அலைக்கழிக்கப்படும் பெண்களின் எண்ணிக்கையைத் துகள் பாதியாகக் குறைத்தால்கூட, ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறும் பலருக்கு அந்தப் பயணம் மிச்சம்.